நடுவிலிருந்து ஒரு முழம்

கோரைத்துறையில் ஞானப்பூ பின்னிய பீடத்துணி, உயிர்ப்புத் திருநாளான பாஸ்கா கழிந்த மறு வியாழக்கிழமை அவள் வீட்டு வாசற்படியைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. வந்த துணி மேலத்தெருவையும் கீழத்தெருவையும் மீன் ஏலக்கூடத்தையும் கன்னியர் மடத்தையும் தொட்டுக்கொண்டு போய், கடைசியில் கடற்கரை மணலில் நுரையோடு நுரையாகச் சுருண்டு கிடந்தது. இத்தனைக்கும் அதன் நடுவிலிருந்து விளிம்புக்கு ஒரு முழம், எந்தப் பக்கம் கை நீட்டி அளந்தாலும் ஒரே ஒரு முழம்தான். இதற்கு ஆச்சரியப்பட எங்களுக்கு நேரமில்லை. மீன் வந்தால் மீன் பார்க்க வேண்டும், தண்ணீர் வந்தால் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

ஆச்சரியப்பட்டவர்கள் படித்தவர்கள். அவர்களைப் பற்றிச் சொல்லும்போது என் வாயில் கொஞ்சம் இளக்காரம் வரும். பாவசங்கீர்த்தனத்தில் இரண்டு முறை சொல்லிவிட்டேன், சாமியார் கொடுத்த அபராதத்தையும் முழங்காலில் நின்று முடித்துவிட்டேன், இளக்காரம் மட்டும் போகவில்லை. ஆண்டவர் எடுத்துப் போடாமல் விட்டுவைத்திருக்கிறார் என்றால் அதனாலும் ஏதோ உபயோகம் இருக்கும்.

ஞானப்பூ எனக்கு மூன்றாம் வீடு. அவள் மகன் சிலுவை போன மழைக்காலத்தில் எஞ்சின் நின்றுபோன படகில் நாலு நாள் கடலில் கிடந்தான். நாலு நாளும் அவள் மணலில் நின்று, எங்கள் கோவில் புனிதரைக் கூப்பிட்டு, ராயப்பரே, என் பிள்ளையைத் தந்துவிடும், உம்முடைய பீடத்துக்கு என் கையால் வெள்ளைத் துணி பின்னி உம்முடைய திருநாளன்று சாத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். ஐந்தாம் நாள் சிலுவை வந்துவிட்டான், உதடு வெடித்து, முகம் கறுத்து, ஆனால் வந்துவிட்டான். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு: நேர்ச்சை பாக்கி இருக்கிறவனை எந்தப் படகிலும் ஏற்றமாட்டார்கள். முப்பது வயது ஆண்பிள்ளை, பெண்டாட்டியும் கைக்குழந்தையும் உள்ளவன், அதிகாலையில் கரைக்குப் போவான், "நேர்ச்சைய முடிச்சுட்டு வா மாப்ள, கோவிச்சுக்காத" என்று தோளைத் தட்டி அனுப்பிவிடுவார்கள், திரும்பி வந்து சுவரைப் பார்த்து உட்காருவான். ஆகவே அந்தத் துணி வெறும் துணியில்லை. அது பீடத்தில் ஏறினால்தான் சிலுவை படகில் ஏற முடியும்.

பீடத்தின் அகலம் மூன்றடி, அதாவது இரண்டு முழம். வட்டமாகப் பின்னுவதென்றும், நடுவிலிருந்து ஒரு முழம் வந்ததும் நிறுத்துவதென்றும் ஞானப்பூ முடிவு செய்தாள். குரோஷா ஊசிப் பின்னலில் வட்டம் தட்டையாகப் படுக்க வேண்டுமென்றால் வரிக்கு ஆறு கண்ணிதான் கூட்ட வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் ஆறு, அதற்கு மேல் ஒன்றுகூடக் கூடாது. இதை மடத்தில் தையல் படித்த எல்லாப் பெண்களும் அறிவார்கள், அவளும் அறிவாள். முதல் பத்து வரியை அப்படித்தான் பின்னினாள், உள்ளங்கை அகலத்துக்கு, முட்டைத்தோல் போல வழவழவென்று படுத்தது. பதினோராவது வரி தொடங்கும்போது, பாஸ்காவுக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான தபசுக்காலம் பிறந்தது. பிறந்ததும் அவள், சும்மா பின்னுவானேன், ஜெபமாலை சொல்லிக்கொண்டே பின்னலாமே என்று நினைத்தாள். ஜெபமாலையின் சின்ன மணிக்கு ஒரு அருள்நிறை மந்திரம், அந்த மந்திரத்துக்கு ஒரு கண்ணி. பத்து முடிந்ததும் பெரிய மணி வருமில்லையா, பரலோக மந்திரத்துக்கு? அந்த மணிக்குக் கை சும்மா இருக்கலாமா, பிதாவுக்குரிய மந்திரமாயிற்றே என்று, பத்தாவது கண்ணி போட்ட அதே குழியில் இன்னொன்று போட்டாள்.

அவ்வளவுதான் நடந்தது. பத்துக்கு ஒன்று. அடுத்த வரியில் கூடிப்போன கண்ணிகளுக்கும் பத்துக்கு ஒன்று, அதற்கடுத்த வரியில் அதற்கும் பத்துக்கு ஒன்று. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், ஏழெட்டு வரிக்கொருமுறை விளிம்பு இரண்டு மடங்காகிறது. நாற்பது நாள் முடிந்து பாஸ்கா வந்தபோது நடுவிலிருந்து சரியாக ஒரு முழம் இருந்தது, விளிம்பு மட்டும் மீன்காரித் தெருவின் நீளத்துக்கு வந்து, படுக்க இடமில்லாமல் எழும்பி, மடிந்து, மடிப்புக்குள் மடிந்து, பூக்கோசு போலக் கட்டிலில் குந்திக்கொண்டிருந்தது.

அதைத் தூக்கிக்கொண்டு அவள் கோவில் கமிட்டிக்குப் போனாள், நானும் துணைக்குப் போனேன். கமிட்டித் தலைவர் பெர்க்மான்ஸ் ரொட்ரிகோ, சட்டைப் பையில் எந்நேரமும் இரும்பு டேப் வைத்திருப்பவர், கல்லறைத் தோட்டத்தில்கூடக் குழியை அளந்து பார்த்துவிட்டுத்தான் மண் போடச் சொல்லுவார்.

"இது என்னட்டி?" என்றார். "பீடத்துணியா, கடல்பாசியா?"

"அளந்து பாருங்க அண்ணாச்சி. நடுவுலேர்ந்து ஒரு முழம்."

அளந்தார். ஒரு முழம். இந்தப் பக்கம் அளந்தார், ஒரு முழம். அந்தப் பக்கம், ஒரு முழம். உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். இங்கே அழுத்தினால் அங்கே எழும்பியது.

"அளவு சரி. ஆனா படுக்கல. படுக்காத துணி கோவிலுக்குள்ள வரக்கூடாது. பிஷப் வந்தா என்ன நெனைப்பாரு, இந்த ஊர்க்காரனுக்கு நேராப் பின்னத் தெரியாதுன்னு நெனைப்பாரு. மிச்சத்த வெட்டிட்டுக் கொண்டா."

"எதண்ணே மிச்சம்? எல்லாப் பக்கமும் ஒரு முழந்தான இருக்கு?"

 பதில் இல்லாதவர்கள் கத்தரி கேட்பார்கள். பீட வேலை பார்க்கும் கோவில்பிள்ளையின் கத்தரியை வாங்கி ஒரு மடிப்பின் ஓரத்தில் வைத்து வெட்ட ஆரம்பித்தார், சாயங்காலத் திரிகால ஜெப மணி அடிக்கிற மட்டும் வெட்டினார், அந்த ஒரு மடிப்பின் முனை வரவேயில்லை. விரலில் கொப்புளத்தோடு, "கமிட்டித் தீர்மானம், இந்தத் துணி கோவிலுக்குள் வரக்கூடாது" என்று நோட்டில் எழுதி முத்திரை குத்தினார். ஞானப்பூ அன்று அழவில்லை. வீட்டுக்கு வந்து வெட்டுப்பட்ட இடத்தைத் தைத்து முடித்து, துணியைத் தரையில் வைத்து, நடு நகராமலிருக்க அந்த உள்ளங்கை அகலத்தின் மேல் தண்ணீர்க் குடத்தை வைத்தாள்.

மறுநாளிலிருந்து துணி தானாகப் பின்னிக்கொள்ள ஆரம்பித்தது. சாயங்கால மணி அடித்ததும் ஒரு வரி. பத்துக்கு ஒன்று. முழம் மட்டும் கூடவில்லை. வெளி வரிகள் மேலும் மேலும் சன்னமாகி அந்த ஒரு முழத்துக்குள்ளேயே அடங்கிக்கொண்டன. விளிம்போ தெருத்தெருவாகப் போனது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு மடிப்பு வந்து நாய்க்குட்டி போலப் படுத்துக்கொண்டது.

முதலில் கண்டுபிடித்தவள் கீழத்தெரு ரொசாலி. வாசலைப் பெருக்கும்போது மடிப்பை ஒதுக்குவதற்காகக் காலைத் தூக்கி உள்ளே வைத்தவள், ஒரு முழம் தாண்டி ஞானப்பூ வீட்டு அடுப்பங்கரையில் விளக்குமாற்றோடு நின்றாள்.

"மைனி, கொழம்பு கொதிக்குதே, பாக்கலியா?" என்று கேட்டுவிட்டு, கிளறிவிட்டு, எதிர் மடிப்பில் கால் வைத்து, ஒரு முழத்தில் ஏலக்கூடத்தில் போய் இறங்கி, வந்த வேலை என்னவென்று தெரியாமல் அரைக்கிலோ சாளை மீன் வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஊரில் எந்த வீட்டிலிருந்தும் எந்த வீட்டுக்கும் இரண்டு முழம்: ஒரு முழம் ஞானப்பூ வீட்டுக்கு, ஒரு முழம் அங்கிருந்து. விளிம்பு வழியாகப் போனால் பக்கத்து மடிப்புக்குப் போகவே அரைநாள். பிள்ளைகள் மணி அடித்தபின் புறப்பட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நேரத்தோடு போனார்கள். ஐஸ் பெட்டிகள் உருகாமல் போயின. கன்னியர் மடத்து சிஸ்டர்மார் திருப்பலிக்குப் போகும் வழியில் வரிசையாக அடுப்பங்கரையைக் கடந்து, ஆளுக்கொரு முறை அடுப்பை ஊதிவிட்டுப் போனார்கள். எட்டு வருஷமாகப் பேசாமலிருந்த இரண்டு ஓரகத்திகள் குடத்துக்குப் பக்கத்தில் மூக்கோடு மூக்கு இடித்துக்கொண்டு, வேறு வழியில்லாமல், "சாப்டியளா?" என்று கேட்டுக்கொண்டார்கள். ஓடிப்போக நினைத்த ஒரு பெண்ணும் பையனும் பெட்டியோடு அந்த வழியே வந்து, வீடு நிறைய ஆள் இருப்பதைப் பார்த்து, சும்மா காப்பி குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்; வைகாசியில் ஊரறியக் கல்யாணம் நடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வர வேண்டும், குடத்தை இடிக்கக் கூடாது, போகிறபோது ஒரு செம்பு தண்ணீராவது குடத்தில் ஊற்ற வேண்டும் என்று ஊரே ஒரு சட்டம் வைத்துக்கொண்டது. கமிட்டி கூடாமல் ஊரில் போடப்பட்ட ஒரே சட்டம் அதுதான், மீறப்படாத சட்டமும் அதுதான்.

"ஒரு வாய் சோறு நிம்மதியாத் திங்க முடியல மைனி" என்று ஞானப்பூ என்னிடம் அலுத்துக்கொள்வாள். "ஊரே போவுது, வருது. எம்புள்ள மட்டும் செவத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கான். திருநாள் கிட்ட வந்துட்டு."

பெர்க்மான்ஸ் மட்டும் அந்த வழியே வரவில்லை. ஒரு மீன்காரி அடுப்பங்கரைக்குள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கோவிலுக்குப் போவதா என்று, வேர்க்க விறுவிறுக்கத் தெருவைச் சுற்றியே போனார், எல்லாக் கூட்டத்துக்கும் கடைசியாக வந்து சேர்ந்தார்.

எட்டாம் வாரம் பட்டணத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கணிதப் பேராசிரியர் திருவேங்கடம். மற்றவள் கலைக்கூடம் நடத்துகிற மிருதுளா, கைத்தறிச் சேலையைச் சாக்குப்பை போல உடுத்தியிருந்தாள். வாசலில் நின்றே சண்டை போட்டுக்கொண்டார்கள். இது கணக்கு என்றார் அவர். கணக்கு தற்செயல், இது கலை என்றாள் அவள். சமைத்துக்கொண்டிருந்த ஞானப்பூ கரண்டியோடு வெளியே வந்து, "பீடத்துணிம்மா" என்றாள். இரண்டு பேருக்கும் காது கேட்கவில்லை.

பேராசிரியர் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து விளக்கினார். "இந்தப் பரப்பில் ஒரு கோடு போட்டு, அதற்கு வெளியே ஒரு புள்ளி வைத்தால், அந்தப் புள்ளி வழியாக அந்தக் கோட்டைத் தொடாத கோடுகள் எத்தனை வேண்டுமானாலும் போகும். உங்களுக்கு இது புரிவது கஷ்டம்."

"என்ன கஷ்டம் சார்?" என்றாள் ரொசாலி. "ராயப்பர் தெருவத் தொடாம ஞானப்பூ மைனி வீட்டு வழியா இப்ப ஏழு தெரு போவுது. நான் எல்லாத்துலயும் மீன் விக்கேன்."

அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. "வடிவமைத்தது யார்?" என்று பெர்க்மான்ஸைக் கேட்டார். கடல்பாசி என்று சொன்ன அதே வாயால் பெர்க்மான்ஸ், "எங்க கமிட்டியோட முயற்சிதான் சார்" என்றார். ஒரு வெட்கமும் இல்லை. எனக்குக் கையிலிருந்த ஜெபமாலையை விட்டுவிட்டு வேறு எதையாவது பிடிக்கலாம் போலிருந்தது, மாதா தடுத்தாள்.

"சார், அது பத்துக்கு ஒண்ணு..." என்று ஞானப்பூ தொடங்கினாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, நிழல் விழுது" என்றார் பேராசிரியர்.

மிருதுளா அவளைப் படம் எடுத்தாள். முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு ஞானப்பூ நேராக நின்றபோது, "முகம் வேண்டாம், கை மட்டும் போதும். ஊசியைப் பிடிச்ச மாதிரி வைங்க, இல்ல, இன்னும் களைப்பா" என்றாள். களைப்பாக எப்படி ஊசி பிடிப்பது என்று ஞானப்பூவுக்குத் தெரியவில்லை. களைத்தால் அவள் ஊசியை வைத்துவிடுவாள். பிறகு மிருதுளா, இதைப் பட்டணத்துக்குக் கொண்டுபோய் ஒரு வெள்ளைச் சுவரில் மாட்ட வேண்டும், பக்கத்தில் ஒரு சின்ன அட்டையில் முடிவின்மை என்று எழுத வேண்டும் என்றாள். அதற்கு எவ்வளவு சுவர் வேண்டும் என்று தெரிய வேண்டுமே. விளிம்பின் நீளம் தெரியாமல் கட்டுரை எழுத முடியாது என்று பேராசிரியரும் சொன்னார். டேப் யாரிடம் இருக்கிறது? பெர்க்மான்ஸிடம் இருக்கிறது. மூன்று பேரும் அந்த நிமிஷமே ஒற்றுமையாகிவிட்டார்கள்.

"உள்ள வாங்க, ஒரு முழந்தான், நடுவக் காட்டுதேன்" என்று ஞானப்பூ குடத்தைக் காட்டிக் கூப்பிட்டாள். "சாப்பாடும் ஆயிட்டு."

"விளிம்புதான் முக்கியம்" என்றார் பேராசிரியர்.

"செருப்பக் கழத்தணுமாம்" என்று பெர்க்மான்ஸ் அவர் காதில் சொன்னார்.

புறப்பட்டார்கள். பேராசிரியர் டேப்பின் ஒரு முனை, பெர்க்மான்ஸ் மறுமுனை, மிருதுளா நடுவில் படம் எடுத்துக்கொண்டு. மடிப்பு ஏறி இறங்கி, மடிப்புக்குள் மடிப்பாக, அவர்கள் போகப் போகச் சாயங்கால மணி அடித்தது, பத்துக்கு ஒன்று கூடியது. மூன்று நாள் கழித்து ரொசாலி வாசலைக் கடந்தார்கள், பன்னிரண்டு கிலோமீட்டர் என்றார்கள். ஐந்தாம் நாள் மிருதுளாவுக்குச் சந்தேகம் வந்தது: எந்த இடத்தில் தொடங்கினோம்? அவர்கள் குறி வைக்கவில்லை. உள்ளூர்ப் பெண் ஒருத்தி ஒரு கண்ணியில் கலர் நூலைக் கட்டாமல் வட்டப் பின்னலைத் தொடங்குவாளா? பத்து வயதுப் பிள்ளைகூடச் செய்யமாட்டாள். இவர்கள் இரண்டு பட்டம், மூன்று பட்டம் வாங்கியவர்கள், ஒரு கமிட்டித் தலைவர். முட்டைக்கடைப் பக்கம் என்றார் ஒருவர், மாதா கெபிப் பக்கம் என்றார் இன்னொருவர், படத்தில் பார்க்கலாம் என்று பார்த்தால் எல்லாப் படத்திலும் மடிப்பு, எல்லா மடிப்பும் ஒன்றுபோல. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். மறுபடியும் குறி வைக்கவில்லை. ஒருவர் வைப்பார் என்று மற்றவர் நினைத்துக்கொண்டாராம்.

ராயப்பர் திருநாள் வந்தது. கொடி ஏறி ஒன்பது நாள் போய்விட்டது, கடைசித் திருப்பலிக்கு முதல் மணியும் அடித்துவிட்டது. சிலுவை புதுச் சட்டை போடாமல் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தான். இன்று தவறினால் இன்னும் ஒரு வருஷம். கைக்குழந்தை அவன் முதுகில் ஏறி விளையாடியது, அதற்குக்கூட அவன் திரும்பவில்லை. அவன் பெண்டாட்டி என்னைப் பார்த்தாள், நான் ஞானப்பூவைப் பார்த்தேன். ஞானப்பூ கதவுக்கு வெளியே தெரிந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரு, அதற்கப்பால் தெரு, அதற்கப்பால் கடல் வரைக்கும் வெள்ளை.

"மைனி," என்றாள், "நான் ராயப்பர்ட்ட எவ்வளவு துணின்னா சொன்னேன்? என் கையால பின்னின துணின்னுதான சொன்னேன்?"

குடத்தை இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தி வைத்தாள். ஊரே ஊற்றிய தண்ணீர் அதில் தளும்பியது. அடியில் அந்த உள்ளங்கை அகலம், பத்து வரி, வரிக்கு ஆறு, குடத்தின் ஈரத்தில் இன்னும் வழவழவென்று தட்டையாக இருந்தது. அதை எடுத்து இடது கையில் வைத்துக்கொண்டு, வலது கையால் மூடிக்கொண்டு, கோவிலுக்கு நடந்தாள். மடிப்பு வழியாகப் போகவில்லை, தெரு வழியாக நடந்தாள். அவள் நடக்க நடக்க எங்கள் வாசல்களில் கிடந்த மடிப்புகளெல்லாம் கடல் திரும்புகிற நேரத்துப் படகுகள் போல ஒரு பக்கமாகத் திரும்பின.

ஃபாதர் அமலதாஸ் பீடத்தில் நின்றவர் பாதி வழி இறங்கி வந்தார், பயந்த மனிதர். "அம்மா, துணி உள்ள வரக்கூடாதுன்னு கமிட்டி எழுதி வச்சிருக்கே."

"கமிட்டி எங்க சாமி?"

அவர் வெளியே எட்டிப் பார்த்தார். "சுத்திட்டு இருக்காங்க."

"அப்ப அவங்க வந்த பொறவு கேட்டுக்கலாம். இப்பத் தள்ளுங்க. நான் துணியக் கொண்டாரல. தொடங்கின எடத்தத்தான் கொண்டாந்திருக்கேன்."

அவர் தள்ளி நின்றார். அதற்காக நான் அவருக்கு இன்றும் ஜெபிக்கிறேன். ஞானப்பூ பீடத்தில் கிண்ணம் வைக்கிற இடத்தில் அதை வைத்தாள். படுத்தது. பிஷப்போ யாரோ எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாதபடி படுத்தது. அதிலிருந்து சுற்றிலும் ஒரு முழம் போய், வாசல் வழியாக, ஜன்னல் வழியாக ஊர் முழுவதும் இறங்கியது. அன்று மாலை மணி அடித்தது, புது வரி வரவில்லை. அவள் கடைசிக் கண்ணியை இழுத்து முடிச்சுப் போட்டுப் பல்லால் நூலைக் கடித்தாள்.

மறுநாள் விடியலில் சிலுவை படகேறினான். படகின் முன்முனையில், அணியத்தில், ஒரு மடிப்பைக் கட்டிக்கொண்டு போனான். இப்போது அவன் எந்தக் கடலில் கிடந்தாலும் பீடத்துக்கு ஒரு முழம், பீடத்திலிருந்து அம்மா அடுப்புக்கு ஒரு முழம். மத்தியானத் திருப்பலிக்கு நடுவே சில நாள் ஒரு தூக்குவாளி பீடத்தைத் தாண்டிப் போகும், கருவாட்டு வாசனையோடு. கோவில்பிள்ளை சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு கையால் தள்ளிவிடுவார். ஃபாதர் பார்க்காதது போலப் பிரசங்கத்தைத் தொடருவார்.

விளிம்பு வளர்வதும் அன்றோடு நின்றுவிட்டது. வளராத விளிம்பை அளந்து முடிக்க எத்தனை நாள் ஆகும்? அவர்களைக் கேட்க வேண்டும். ஆடி போய் ஆவணி வந்துவிட்டது, பெர்க்மான்ஸின் டேப் துருப்பிடித்துவிட்டது, பேராசிரியரின் கண்ணாடி ஒரு பக்கம் கட்டுப் போட்டிருக்கிறது, மிருதுளாவின் சேலை இப்போது நிஜமாகவே சாக்குப்பை மாதிரி இருக்கிறது. மாதத்துக்கு இரண்டு முறை எங்கள் வாசலைக் கடக்கிறார்கள். நான் அவர்களுக்காகத் தினமும் ஜெபமாலையில் பத்து மணி சொல்லி ஒப்புக்கொடுக்கிறேன், பெரிய மணியையும் சேர்த்துத்தான். நேற்று அவர்கள் வந்தபோது ஞானப்பூ வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள், கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அண்ணாச்சி, சார், யம்மா, உள்ள வாங்க. ஒரு முழந்தான். காப்பி இருக்கு."

பெர்க்மான்ஸ் வாசலில் கிடந்த எங்கள் செருப்புகளைப் பார்த்தார். பேராசிரியர் நோட்டைப் பார்த்தார்.

"இந்த ஒரு தடவை சுத்தி முடிச்சுட்டு வாறோம்" என்றார் பெர்க்மான்ஸ்.

"எங்கேர்ந்து தொடங்கினீய?" என்று ஞானப்பூ கேட்டாள்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு டேப்பை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.